பலகடுவ ஏற்றத்தில் ஓர் அளவுகோல்

பருத்தித்துறையில் கிளம்பித் தெய்வேந்திரமுனையில் முடியும் கூட்டுச் சைக்கிள் பயணத்தைப் பார்த்து இன்று யாரும் வாய் பிளப்பதில்லை. நல்லதுதான். வியப்பு அடங்கிய பிறகே திறனாய்வுக்கு இடம் கிடைக்கிறது. கடந்தார்களா என்று கேட்ட காலம் போய்விட்டது. எந்த வழியாக, யாரைப் பார்த்துக்கொண்டு, என்ன ஒழுங்கில் கடந்தார்கள் என்று கேட்கலாம்.

இலங்கையில் இந்தப் பயண வகைக்கு வயது குறைவு. 2002 போர்நிறுத்தத்தோடு திறந்த கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. 2009க்குப் பிறகே தீவை நீளவாக்கில் தடையின்றிக் கடக்க முடிந்தது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடையின் கீழ் நாளெல்லாம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது சாதனையல்ல, சீவியம். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது தெற்கும் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் படித்தது. விளையாட்டு உடையில் வரும் குழு இந்த முன்கதையை அறிந்திருக்க வேண்டும் என்பது என் முதல் எதிர்பார்ப்பு.

இலக்குத் தெளிவு என்ற அளவுகோலை வைத்தவர்கள் சைக்கிள்காரர்கள் அல்லர், நடந்தவர்கள். 2011இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தொடங்கிய 'ட்ரெயில்' நடைபயணம் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கி.மீ. தூரத்தை 27 நாளில் கடந்தது. அதன் பயன் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 2016இல் எதிர்த்திசையில் நடந்து தெற்கிலுள்ள கராப்பிட்டிய மருத்துவமனைக்காக நிதி சேர்த்தார்கள். வடக்கும் தெற்கும் ஒன்றுக்கொன்று கடன்பட்டதுபோல் அமைந்த அந்தக் கட்டுக்கோப்பைப் பிந்தைய பயணங்கள் மிஞ்சியதாகத் தெரியவில்லை. ஆயினும் நிதி திரட்டலில் வென்ற முறை, நிலத்தை அறிவதிலும் வென்றுவிட்டது என்று ஆகாது. இரண்டையும் தனித்தனியே எடை போட வேண்டும்.

அதற்கு மாத்தளை மாவட்டம் பொருத்தமான இடம். வடக்கிலிருந்து வருகிற குழு தம்புள்ளைச் சந்தியில் முடிவெடுத்தாக வேண்டும். ஏ6 பிடித்துக் கலேவெல வழியாகக் குருநாகலுக்குச் சரிந்தால் கால் தப்பும். ஏ9இலேயே நின்றால் நாவுல, நாலந்தா, மாத்தளை, பிறகு கண்டி. தூர அட்டவணையும் மாலைக்குள் சேர வேண்டிய விடுதியும் முதல் வழியைத்தான் சிபாரிசு செய்யும். அது அறிவான தேர்வு. மலைநாட்டை ஓரங்கட்டிவிட்டுப் போவதால் அரைகுறையான தேர்வும்கூட.

குழு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா என்பதும் இந்தப் பகுதியில் தெரிந்துவிடும். வன்னிச் சமதரையில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓடும்போது முன்னவர் காற்றைக் கிழிக்கிறார். வேகம் கூடிய ஓட்டத்தில் பின்னவருக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். சோளகக் காற்று முகத்தில் அடிக்கும் மாதங்களில் தெற்கு நோக்கி ஓடுகிறவர்களுக்கு அந்த வரிசைதான் உயிர். முறை வைத்து முன்னுக்கு வருவதும், கைச்சாடையால் குழியைக் காட்டுவதும், வாய் திறக்காமல் விலகுவதும் பார்க்க அழகான ஒழுங்கு. தம்புள்ளை தாண்டினால் அது குலையத் தொடங்கும். பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுபோகும் லொறிகள் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும், முறை மாறப் பக்கம் பக்கமாக ஓட முடியாது. மாத்தளை நகரம் கடந்து பலகடுவக் கணவாய் ஏறும்போது வேகம் விழுகிறது. வேகம் விழுந்த இடத்தில் பின்னால் ஒட்டுவதால் பயனில்லை. ஆளுக்கொரு மூச்சு, ஆளுக்கொரு கியர். அதுவரை ஒருவர் தோளில் ஒருவர் சவாரி செய்த கூட்டம் அங்கே தனி ஆட்களாக உதிர்கிறது. உச்சியில் முன்னவர்கள் காத்திருந்தால் அது குழு. கடைசி ஆளை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தால் ஊர்வலம். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர்கள் ஆறு பேர். 1928இல் முழுச் சுற்றையும் முடித்து வந்தவர்கள் மூவர். அதனால் அந்தப் பயணம் சிறுமைப்படவில்லை, ஏனென்றால் எண்ணிக்கையை அவர்கள் பூசி மெழுகவில்லை.

இதே சாலையின் ஒரு பகுதியில் இன்னொரு பயணமும் நடந்தது. மலையகத் தமிழர் இங்கு வந்து 200 ஆண்டு ஆனதையொட்டி, 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. சுமார் 250 கி.மீ., 16 நாள். கோப்பிக் காலத்தில் கங்காணிகளுக்குப் பின்னால் வந்தவர்கள் காடு வழியே, வாந்திபேதியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு நடந்த திசை அது. 1880இல் மாத்தளைக்கு வந்த ரயில் பாதையும் அதற்கு வடக்கே நீளவில்லை, ஆகவே அந்தத் திசைக்கு ரயில் உதவவில்லை. நாளுக்குப் பதினாறு கி.மீ. என்பது சைக்கிளுக்கு ஒரு மணி நேரம். ஆனால் அந்த வேகத்தில்தான் வழியிலுள்ள சிங்கள, முஸ்லிம் ஊர்களில் உட்கார்ந்து பேச முடிந்தது. பாதை, வேகம், நோக்கம் மூன்றும் ஒன்றையொன்று விளக்கின. முறைமையில் அதற்கு நிகராக ஒரு சைக்கிள் பயணத்தை என்னால் காட்ட முடியவில்லை.

குறை அதற்கும் உண்டு. பதினாறு நாள் விடுப்பு எடுக்க எந்தத் தோட்டத் தொழிலாளியால் முடியும்? தேயிலை மலைக்கு வேலைக்குப் போகாத நாளில் பதிவில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. யாருடைய வரலாறோ அவர்களில் பெரும்பாலோர் முழுத் தூரமும் நடக்க வழியில்லாத வடிவம் அது. சைக்கிளோ அதே தூரத்தை மூன்று நாளில் முடிக்கும், ஒரு போயா விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்தால் போதும். இந்த ஆற்றலைச் சைக்கிள் குழுக்கள் சராசரி வேகத்தை உயர்த்தவே செலவழிக்கின்றன. சீகிரியாவின் முன் படம் எடுக்க நேரம் இருக்கிறது. நாலந்தா கெடிகேயின் பல்லவச் சாயல் கொண்ட கற்சுவருக்கோ, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலுக்கோ, சாலைக்கு மேலே தெரியும் தோட்ட லயன் வீடுகளுக்கோ நிற்க நேரம் இல்லை.

செய்நேர்த்தி இருக்கிறது, பார்வை இல்லை. உடலின் சாதனையாக இந்தப் பயணங்களுக்கு முழு மதிப்பெண் தருவேன், முனையிலிருந்து முனைக்கு ஓடும் உழைப்பைக் குறைத்துச் சொல்லும் உரிமை மிதிக்காத எனக்கு இல்லை. பயணம் என்ற வகையில் பாதி மதிப்பெண்தான். தம்புள்ளையில் ஏ6 பக்கம் திரும்பும் குழு 'நாடு கடந்தோம்' என்று பதாகை பிடிக்கட்டும், 'நாட்டைச் சுற்றிக்கொண்டு போனோம்' என்றே நான் வாசிப்பேன். ஏ9இல் நின்று, மாத்தளையில் ஓர் இரவு தங்கி, பலகடுவ உச்சியில் கடைசி ஆளுக்காகக் காத்திருந்து இறங்கும் குழு வரும்வரை இந்தத் தீர்ப்பு நிற்கும்.