கோழியை எழுதிக் காட்டு

கேம் எழுத எந்த லைப்ரரி நல்லது என்று சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால் நான் ஒரே ஒரு பரீட்சை வைக்கச் சொல்கிறேன். திரையில் ‘கோழி’ என்று எழுதிப் பாருங்கள். இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் வந்து நின்றால் தேறியது. ககரத்தை முதலில் போட்டுவிட்டு, கொம்பையும் காலையும் சேர்த்து அதன் பின்னால் தள்ளினால் தேறவில்லை. வேகம், பட விளைவுகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் எழுதிக்கொண்டிருப்பது சின்ன விளையாட்டு. மேலிருந்து முட்டைகள் விழும், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து இருக்கும். முப்பது குழி அட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தி முட்டையைப் பிடித்து ஊர்ப்பெயர் சேர்க்க வேண்டும். முதல் கட்டம் சேலம், அடுத்தது ராசிபுரம், கடைசியில் திருச்செங்கோடு. எழுத்துதான் ஆட்டமே என்பதால் எழுத்து உடைந்தால் ஆட்டமும் போச்சு.

மனசு முதலில் போனது லவ்2டி மேல். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பிரேசிலின் ரியோவில் 1993-இல் பிறந்த லுவா மொழிக்காக 2008-இல் வந்த கருவி இது. லோட், அப்டேட், டிரா என்று மூன்று ஃபங்ஷன் எழுதினால் ஆட்டம் ஓடும். ஃபோல்டரை இழுத்து அதன் ஐகான் மேல் போட்டால் திறந்துவிடும். இன்ஸ்டால், ப்ராஜெக்ட், செட்டிங்ஸ் என்று எந்தச் சடங்கும் கிடையாது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தால் அதுவே போதும். 2024-இல் உலகம் முழுக்க விற்றுத் தீர்த்த பலாட்ரோ இதில்தான் எழுதப்பட்டது. இத்தனை அழகான கருவி ‘கோழி’யில் தோற்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

காரணம் எளிது. யூனிகோடில் ‘கோ’ என்பது ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதைப் பிரித்து முன்னும் பின்னும் அடுக்குவதற்கு ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு எஞ்சின் வேண்டும். ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் அது இருப்பதால்தான் கைபேசியில் நமக்குத் தொல்லை இல்லை. லவ்2டியின் 11-ஆம் வரிசைப் பதிப்புகளில் அது இல்லை. குறிகளை வந்த வரிசையிலேயே கொட்டிவிடும். ‘திருச்செங்கோடு’ என்ன பாடுபடும் என்று பாருங்கள். ‘செ’யின் கொம்பு சகரத்துக்குப் பின்னால் விழுந்து, அடுத்து நிற்கும் ‘ங்’குக்குச் சொந்தமானதுபோல் தெரியும். ‘டு’வின் உகரம் டகரத்தோடு சேராமல் தனியே தொங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிக் கொடுப்பது?

எண்ணிக்கையிலும் இதே தகராறுதான். நமக்குத் திருச்செங்கோடு 7 எழுத்து. பைத்தானின் லென் ஃபங்ஷனைக் கேட்டால் 14 என்னும். லுவாவின் நீள அடையாளம் பைட்டை எண்ணுவதால் 42 என்னும். பேக்ஸ்பேஸ் தட்டினால் ‘டு’ முழுதாகப் போகாது, உகரம் மட்டும் உதிர்ந்து ‘ட’ மிஞ்சும். சொல்விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் பைத்தானின் ஓப்பன்-தமிழ் லைப்ரரி பெரிய துணை. சொல்லைக் கொடுத்தால் ஏழு எழுத்தாகப் பிரித்துத் தந்துவிடும்.

பைத்தான் பக்கம் வந்தால் பைகேம் இருக்கிறது. 2000-இல் தொடங்கிய பழைய வீடு. பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் வந்துவிட்டதால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதில் கை வைக்கப் பயமும் இல்லை. 2023-இல் பிரிந்து வந்த பைகேம்-சிஇ கிளையைத்தான் நான் வைத்திருக்கிறேன். அதில் எழுத்துருவைத் திறந்ததும் செட்_ஸ்கிரிப்ட் என்ற ஃபங்ஷனுக்குத் தமிழின் நான்கெழுத்துக் குறியைக் கொடுத்துவிட வேண்டும். கொம்பும் காலும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு எழுத்துருக் கோப்பை ஆட்டத்தோடு சேர்த்தே வையுங்கள். அடுத்தவர் கணினியில் என்ன இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய பைகேமும் சிஇயும் ஒரே பெயரில்தான் இம்போர்ட் ஆகும். பழையதை நீக்காமல் புதியதைப் போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

கோடோ என்ற கேம் எஞ்சினின் 4-ஆம் பதிப்பு (2023 மார்ச்) எதையும் சொல்லாமலேயே ‘கோழி’யைச் சரியாக எழுதும், ஆண்ட்ராய்டுக்கும் ஏற்றுமதி செய்யும். குறையே சொல்ல முடியாது. ஆனால் அது பெரிய எடிட்டர். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் ஐம்பது வரி எழுதி முட்டை விழுவதைப் பார்க்க நினைப்பவனுக்கு நோட்பேடும் லவ்2டியும் தருகிற சந்தோஷம் அங்கே கிடைக்காது.

அதனால் ஒரு சுற்றுவழி பிடித்திருக்கிறேன். 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அது பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை, ஆனால் யோசனை நல்ல யோசனை. மொத்தம் 247 எழுத்து. தேவநாகரியைப் போலத் தலைக்கோடு போட்டு அடுத்தடுத்த எழுத்தை ஒட்டவைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. எனவே 247-ஐயும் பைகேம்-சிஇயில் ஒரே படத்தாளாக அச்சடித்துக்கொண்டேன். ஓப்பன்-தமிழைக் கொண்டு ஊர்ப்பெயர்களை முன்கூட்டியே எழுத்தெழுத்தாகப் பிரித்து, லுவா டேபிளாக எழுதிவிட்டேன். லவ்2டிக்கு இப்போது தமிழ் தெரிய வேண்டிய அவசியமில்லை. எந்த முட்டையில் எத்தனையாவது படம் என்று தெரிந்தால் போதும். தலைப்பு, மதிப்பெண் போன்ற சிறு வரிகளுக்கு இது தாங்கும். பத்தி பத்தியாக வசனம் வரும் கதை விளையாட்டுக்கு ஒத்துவராது. அதை எழுதுகிறவர்கள் நேரே பைகேம்-சிஇக்கோ கோடோவுக்கோ போய்விடுங்கள்.

லவ்2டியின் 12-ஆம் பதிப்புக்கான வேலைகளில் ஹார்ஃப்பஸ் சேர்ந்திருக்கிறது. அது முறையாக வெளிவரும் நாளில் என் படத்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊர்ப்பெயரை அப்படியே பிரிண்ட்டுக்குக் கொடுத்துப் பார்ப்பேன்.