மூல உறுப்பும் மூலபாடமும்

பழைய மின்கித்தார்களைத் தேடிச் சேர்ப்போர் அவற்றை மதிப்பிடும் முறை, ஏட்டுச் சுவடிகளை ஆராயும் புலவர்தம் முறையோடு பெரிதும் ஒத்திருக்கிறது. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கித்தார் இதற்குச் சான்று. அதன் கழுத்து உடலோடு ஒட்டப்படவில்லை. நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்டது. எவ்வுறுப்பையும் எளிதிற் கழற்றி மாற்றலாம். பழுது பார்ப்பார்க்கு வாய்ப்பான இவ்வமைப்பே ஆராய்வார்க்குச் சிக்கலாயிற்று. உடல் ஓர் ஆண்டினது, கழுத்து வேறோர் ஆண்டினது, கம்பியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச்சுருள் பின்னாளில் வந்தது எனக் கலந்து நிற்பன பல. ஆகவே கழுத்தைக் கழற்றி, அதன் அடியில் தொழிலாளி பென்சிலால் எழுதிய தேதியைத் தேடுகின்றனர். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகில் பொறித்த எண்களைக் கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டையும் வாரத்தையும் அறிகின்றனர். ஈயப்பற்று மீண்டும் உருக்கப்பட்டதா என உற்று நோக்குகின்றனர். இடைச்செருகல் காணும் கண் இதுவேயன்றோ?

ஆயினும் இவர்தம் முடிபு முற்றும் ஏற்புடைத்தன்று. மறுபூச்சுப் பெற்ற கித்தார் எத்துணை இனிதாக ஒலிப்பினும் அதன் விலை பெரிதும் வீழ்கிறது; வாசிப்பாரின்றிப் பெட்டியிற் கிடந்ததோ உச்ச விலை பெறுகிறது. விரல்பட்டுத் தேய்ந்த மெட்டுக்களைப் புதுப்பித்தலும் சிலர்க்குக் குறையாகத் தோன்றும். இசைக்கருவிக்கு இசையாதிருத்தலே சிறப்பென்பது நகைப்பிற்கிடமானது. 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், ஏடு சிதையாதிருந்தாற் போதுமென அமைந்தாரல்லர். நூல் படிக்கப்பட வேண்டுமென உழைத்தார். தம் பதிப்புகளில் ஒரு பாடத்தைத் தேர்ந்தபோதும் ஏனைய பாடங்களை அடியிற் குறித்து வைத்தார். மாற்றமும் நிகழ்ந்தது, மாற்றத்தின் சான்றும் நின்றது.

தமிழிசைக்கோ இதற்கு நேர்மாறான இழப்பு நேர்ந்தது. சங்கப் பாணர் மீட்டிய யாழ் ஒன்றேனும் நம் கைக்கு எட்டவில்லை. அதன் உறுப்புகளோ பாட்டில் நின்றன. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார், மான்குளம்பு பதிந்த சுவடு போன்ற பத்தலையும், நண்டின் கண் போன்ற ஆணியையும், எட்டாம் நாள் பிறை போன்ற வறுவாயையும், தலை தூக்கிய பாம்பு போன்ற மருப்பையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். உவமை அழகென மாணவர்க்குச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். உறுப்புப் பட்டியலாகவும் அது பயன்பட்டது. விபுலாநந்த அடிகள் 1947-இல் யாழ்நூலை வெளியிட்டு, மறைந்த யாழ்களின் வடிவை ஆராய்ந்து காட்ட முடிந்தது, இவைபோலும் குறிப்புகள் எழுத்தில் நின்றமையால்தான்.

இந்நோக்கோடு கேமரன் மலையையும் காண வேண்டும். 1929-இல் போ தோட்டம் தொடங்கப்பெற்ற அம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் பலர் உழைத்தனர். இன்று கொழுந்தெடுப்போரில் மிகப் பலர் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளினின்றும் வந்தவர். லயங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களோடு தோட்டத்துக் கோயில் வழக்கங்களும் இடம் பெயர்கின்றன. மலேசியத் தமிழர் திருவிழாக்களில் முழங்கும் உறுமியை இங்கு நினைத்தல் தகும். வளைந்த குச்சியால் தேய்க்கத் தேய்க்க அதன் தோல் கிழியும், கயிறு நையும், வளையம் நெகிழும். ஒவ்வொன்றாக மாற்றுவர். மூல உறுப்பு எது என்று கேட்பாரில்லை. இது குற்றமன்று, தோலை மாற்றாவிடின் உறுமி உறுமாது. மாற்றியதைக் குறித்து வையாமையே குற்றம். கட்டை எம்மரத்தது, முதலிற் கட்டிய தோல் எது, கட்டியவர் எவர் என்பன முதியவர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவரோடு அவையும் போகும்.

ஃபெண்டர் தொழிற்கூடத்துத் தொழிலாளி தேதி எழுதியது தன் அன்றாட வேலைக்காகவே. பின்னாளில் அது சான்றாகுமென அவர் எண்ணியிருக்க மாட்டார். உறுமியின் தோலைப் பிரிக்கும் நாளில் கட்டையின் உட்புறம் திறந்து கிடக்கும். பெயரும் ஆண்டும் தோட்டமும் அங்கே எழுத ஒரு நிமிடம் போதும். அடுத்த தோல் மாற்றும் வரை அவை எவர் கண்ணிலும் படா.