13 கிலோமீட்டரில் ஐந்து ஆறு

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு பஸ்ஸில் போனால் 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஜன்னலோர சீட் கிடைத்தால் எண்ணிக்கொண்டே போகலாம். எனக்கு எப்போதும் ஒன்று தவறிவிடும்.

கங்கைக்குப் பனிமலை இருக்கிறது. காவிரிக்கு மழைதான். ஹேமாவதி, கபினி, பவானி, அமராவதி என்று வழிநெடுக வாங்கிக்கொண்டு வருகிறவள், முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்ததும் கொடுக்கத் தொடங்கிவிடுகிறாள். கல்லணையில் வெண்ணாறும், 1934இல் வெட்டி முடித்த புது ஆறும். தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு. அப்புறம் வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் மடை.

அந்த மடைதான் எனக்குப் பிடித்த இடம். நாலு மண்வெட்டி மண், ஒரு பிடி வைக்கோல், அவ்வளவுதான் ஷட்டர். வெட்டிவிட்டால் புதுத்தண்ணீர் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வந்து, பாளம் பாளமாக வெடித்த களிமண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போகும். உள்ளேயிருந்து குமிழ் வரும். வெடிப்பெல்லாம் குடித்து முடித்த பிறகுதான் தண்ணீர் அடுத்த அடி நகரும்.

பூம்புகாருக்குப் போனவர்கள், 'இதுவா காவிரி?' என்று கேட்பார்கள். அங்கே ஒரு வாய்க்கால் அகலம்தான். மீதியை வரும் வழியில் பார்த்திருப்பார்கள், பச்சையாக.