எதிரணியின் குரலும் ஒற்றை அளவுகோலும்: பெட்ரா கெல்லியின் பாராளுமன்றப் பணி பற்றிய ஒரு நோக்கு

எதிரணியில் அமர்ந்திருக்கும் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் பணியை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? நிறைவேறிய சட்டமூலங்களை எண்ணிப் பார்ப்பதாயின், எதிரணியினர் பெரும்பாலும் வெறுங்கையினராகவே காட்சியளிப்பர். அவையில் எழுந்த ஆரவாரத்தைக் கொண்டு அளப்பதாயின், வாய்வீச்சில் வல்ல எவரும் பெருந்தலைவராகிவிடுவர். பாராளுமன்றமே மக்களின் துயரைத் தீர்த்துவிடும் என்ற மயக்கம் இடதுசாரிகளுக்கு இருத்தலாகாது. ஆயினும், பிற்போக்கான பாராளுமன்றத்தினுள்ளும் புகுந்து பணியாற்றுதல் வேண்டும் என்று லெனின் 1920 இல் வலியுறுத்தி எழுதினார். அவ்வாறு புகுந்தவர் அங்கு யாது செய்தல் வேண்டும் என்பதே நம் முன்னுள்ள வினா.

இவ்வினாவை மனத்திற்கொண்டு, 1983 முதல் 1990 வரை மேற்கு ஜேர்மன் பாராளுமன்றத்தில் பசுமைக் கட்சியின் உறுப்பினராக இருந்த பெட்ரா கெல்லியின் பணியை ஈண்டு நோக்குவோம். அவரைப் போற்றுவோர் அவரைப் புனிதையாக்கிவிடுகின்றனர். ஏளனஞ் செய்வோர் உணர்ச்சிவசப்பட்ட நடுத்தர வர்க்கப் பெண் என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரண்டும் மதிப்பீடாகா.

1947 இல் பவேரியாவிற் பிறந்த கெல்லி, சிறுவயதிற் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, வொஷிங்டனிற் பல்கலைக்கழகக் கல்வி பெற்றார். வியட்நாம் யுத்தத்துக்கு எதிரான இயக்கமும் கறுப்பின மக்களின் உரிமை இயக்கமும் கொதித்தெழுந்த காலம் அது. 1970 இல் அவருடைய தங்கை பத்து வயதிற் புற்றுநோயால் மாண்டாள். பின்னர் பிரசெல்சில் ஐரோப்பிய சமூகத்தின் நிருவாகத்திற் பணியாற்றிக்கொண்டே அணு எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டார். தாம் அங்கம் வகித்த சமூக ஜனநாயகக் கட்சியின் அணுசக்திக் கொள்கையையும் பாதுகாப்புக் கொள்கையையும் ஏற்கமாட்டாது 1979 இல் அதிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு தேசியக் கட்சியாக உருப்பெற்ற பசுமைக் கட்சி, 1983 மார்ச் மாதத் தேர்தலில் 5.6 வீத வாக்குகளுடன் ஐந்து வீதத் தடையைத் தாண்டிப் பாராளுமன்றத்தினுட் புகுந்தது.

முதல் ஆண்டிலேயே அவர்கள் பெருந்தோல்வியொன்றைக் கண்டனர். பேர்சிங் ஏவுகணைகளை மேற்கு ஜேர்மன் மண்ணில் நிறுத்துவதற்கு 1983 நவம்பர் 22 ஆந் திகதி பாராளுமன்றம் 286 க்கு 226 என்ற வாக்குகளால் இசைவளித்தது. அதற்கு முன்னர் செப்தெம்பரில், முட்லாங்கன் இராணுவத் தளத்தின் முன்னே நடந்த மறியலில் நாவலாசிரியர் ஹைன்றிச் பேல் முதலானோருடன் கெல்லியும் வீதியில் அமர்ந்திருந்தார். வீதியில் எழுந்த குரலை அவைக்குள்ளும், அவையில் நிகழ்ந்ததை வீதிக்கும் கொண்டுசெல்வதே அவர் தமக்கு வகுத்துக்கொண்ட பணி எனலாம். 1987 டிசம்பரில் றேகனும் கோர்பச்சோவும் ஒப்பந்தஞ் செய்த பின்னரே அவ்வேவுகணைகள் அகற்றப்பட்டன. அதனைக் கெல்லியின் வெற்றியென எழுதுவது வரலாறாகாது. ஆயினும் வல்லரசுகளின் முடிவு மக்களின் விதியன்று என்பதை அவையேட்டிற் பதிவு செய்தமை சிறுபணியன்று.

இதுவரை கூறியவற்றைப் பொறுத்தமட்டில் இடதுசாரிகள் அவரோடு முரண்படவேண்டியதில்லை. உண்மையான சோதனை இதன்பின்னரே எழுகின்றது. 1983 மே மாதம் கெல்லியும் வேறு சில பசுமைக் கட்சி உறுப்பினரும் கிழக்குப் பேர்லினின் அலெக்சாண்டர் சதுக்கத்திற்குச் சென்று, வாள்களைக் கலப்பையாக்குக என்னும் பொருள்பட எழுதிய பதாகையை விரித்தனர். அவர்கள் சிறிது நேரம் தடுத்து வைக்கப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில், கிழக்கு ஜேர்மன் தலைவர் எரிக் ஹொனெக்கரை நேரிற் கண்டபோது அச்சின்னம் பொறித்த மேலாடையை அணிந்தே சென்றார். மேற்கிலே போற்றப்படும் சமாதான இயக்கம் கிழக்கிலே ஏன் தண்டிக்கப்படுகின்றது என்பதே அவர் அங்கு கொண்டுசென்ற வினா. அச்சின்னத்திலுள்ள உருவம் சோவியத் சிற்பி ஒருவர் வடித்தது. 1959 இல் சோவியத் யூனியன் ஐக்கிய நாடுகள் சபைக்கு அன்பளித்த சிலை. அதனையே துணியிற் பொறித்து அணிந்த கிழக்கு ஜேர்மன் இளைஞர்கள் அரசின் தொல்லைக்கு ஆளாயினர். சோசலிசத்தின் பெயரால் ஆண்டோர் சோசலிசம் தந்த சின்னத்துக்கே அஞ்சினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய செயல் ஏகாதிபத்தியத்தின் கையைப் பலப்படுத்தும் என வாதிப்போர் அன்றும் இருந்தனர். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. சோசலிச நாடுகளின் குறைகளை மாத்திரம் பூதக்கண்ணாடியால் நோக்கித் தம் நாட்டுக் கொடுமைகளுக்குக் கண்மூடிய மனித உரிமைக் காவலர் பலர் இருந்தனர் என்பதை அறிவோம். கெல்லி அவ்வரிசையைச் சேர்ந்தவரல்லர். பேர்சிங்குக்கு எதிராகப் பொன் நகரிற் பேசியவரே கிழக்கிற் சிறைப்பட்டோருக்காக ஹொனெக்கரிடம் பேசினார். இரு முகாம்களுக்கும் ஓர் அளவுகோலையே அவர் நீட்டினார். இரு தரப்பிலும் பகைவரைத் தேடித்தந்தது அதுவே. அவருடைய சொல்லுக்கு வலுவைத் தந்ததும் அதுவே.

சூழலையும் மனித உரிமையையும் அவர் வேறாகப் பிரித்துப் பாராமைக்கும் இங்கேதான் காரணம் உளது. கிழக்கு ஜேர்மன் அரசு 1982 இல் சுற்றாடல் பற்றிய தரவுகளை இரகசியமாக்கியது. காற்றிற் கலந்த நஞ்சின் அளவு அதனைச் சுவாசித்த மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. 1987 நவம்பரில், கிழக்குப் பேர்லினில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் இளைஞர் நடத்திய சுற்றாடல் நூலகத்தினுள் இரகசியப் பொலிசார் நள்ளிரவிற் புகுந்தனர். பேசும் உரிமை இல்லாவிடத்து ஆற்றின் நஞ்சை அறிதலும் இயலாது. அறிய இயலாதவர் எதிர்க்கவும் இயலாது. மேற்கிலோ பேச இடமுண்டு. ஆயின் அணுவுலையை எங்கு அமைப்பதென்பதை அதனருகே வாழ்வோர் தீர்மானிப்பதில்லை. தீங்கைச் சுமப்பவர் கேட்கப்படாமல் தீங்கு தீர்மானிக்கப்படுகின்றது என்பதே இரண்டிற்கும் பொதுவான உண்மை. கெல்லியின் அரசியலுக்கு ஒரு தத்துவச் சாரம் உண்டெனின் அஃது இதுவேயாம்.

அவருடைய பாராளுமன்ற வெற்றிகளுள் திபெத்துப் பற்றிய தீர்மானம் குறிப்பிடத்தக்கது. 1987 யூலையில் சான்சிலர் ஹெல்முட் கோல் சீனப் பயணத்தின்போது லாசாவுக்கும் சென்று வந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில், திபெத்தின் மனித உரிமை நிலை பற்றிய தீர்மானம் ஒன்று ஜேர்மன் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. அதன் பின்னணியில் நின்று உழைத்தவருட் கெல்லி முதன்மையானவர். 1989 ஏப்பிரலில் பொன் நகரில் நடைபெற்ற சர்வதேச விசாரணை அமர்வும் அவருடைய முயற்சியின் விளைவே. எதிரணியின் சிறு கட்சியொன்றைச் சார்ந்தவர், வெளிவிவகாரக் குழுவில் இருந்துகொண்டு, ஆளுங்கட்சியினரையும் தம் பக்கம் இழுக்க முடிந்தது. ஆயின் ஏகமனதான தீர்மானங்களில் ஓர் அபாயமும் உண்டு. தமக்குச் செலவில்லாத இடத்தில் நீதியின் பக்கம் நிற்பது அரசுகளுக்கு எளிது. வர்த்தகத்தைத் தொடாத தீர்மானத்திற்கு எல்லோரும் கையுயர்த்துவர்.

இனி, அவருடைய குறைபாடுகளையும் கூறுதல் கடன். முதலாவது, அமைப்புப் பற்றியது. பதவி மோகத்தைத் தடுக்கும் பொருட்டு, பாராளுமன்ற உறுப்பினர் இரண்டாண்டுகளின் பின் தம் இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்று பசுமைக் கட்சி விதித்திருந்தது. 1985 இல் அவ்விதிக்குக் கெல்லி இணங்கவில்லை. அனுபவத்தையும் தொடர்புகளையும் ஈராண்டிற் கைவிடுதல் அறிவீனம் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அவ்விதியைக் கட்சியே பின்னர் கைவிட்டது. எனினும், தோழர்களுடன் கூடி விதியை மாற்றுவது வேறு, தனித்து நின்று அதனை மீறுவது வேறு. உலகெங்கும் அறியப்பட்ட அவர் தம் கட்சிக்குள்ளே தனித்துப்போனார். 1991 இல் கட்சியின் பேச்சாளர் பதவிக்குப் போட்டியிட்டபோது மிகச் சில வாக்குகளே கிட்டின. 1992 ஒக்டோபரில், அவருடைய துணைவரான முன்னாள் இராணுவத் தளபதி கேர்ட் பாஸ்டியான், உறங்கிக்கொண்டிருந்த அவரைச் சுட்டுக்கொன்று தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார் என்பது பொலிசாரின் முடிவு. உடல்கள் கண்டெடுக்கப்படும்வரை இரண்டு வாரங்களுக்கு மேல் ஒருவரும் அறியவில்லை.

இரண்டாவது, வர்க்கம் பற்றியது. உலையை மூடுக என்று சொல்லும்போது, அவ்வுலையில் உழைப்பவனின் அடுப்பு எவ்வாறு எரியும் என்பதற்கும் விடை கூறியாகவேண்டும். சூழலின் அழிவு மூலதனத்தின் இலாப வேட்கையோடு பிணைந்தது என்பதை அக்கட்சியின் சூழல்சார் சோசலிசப் பிரிவினர் வலியுறுத்தினர். கெல்லியின் பேச்சிலோ மனச்சாட்சிக்குக் கிடைத்த இடம் உற்பத்தி உறவுக்குக் கிடைக்கவில்லை. மனச்சாட்சி மனிதரைத் தட்டியெழுப்பும். ஆலையின் உடைமையை அது மாத்திரம் மாற்றிவிடாது.

இவையனைத்தையும் ஒருசேர வைத்து நோக்குமிடத்து, எதிரணியின் பணி வாக்கெண்ணிக்கையில் முடிவதில்லை என்பது தெளிவாகும். 1986 இல் செர்னோபில் உலை வெடித்தபின், அதுவரை பசுமைக் கட்சியினரைப் பரிகசித்தவர்களின் அரசே சுற்றாடலுக்கெனத் தனி அமைச்சை நிறுவியது. 2023 ஏப்பிரலில் ஜேர்மனியின் இறுதி மூன்று அணுவுலைகளும் மூடப்பட்டன. மறுபுறம், 1998 இல் ஆட்சியிற் பங்குகொண்ட பசுமைக் கட்சி, அடுத்த ஆண்டே கொசோவோ யுத்தத்தில் ஜேர்மன் விமானங்கள் பங்குபற்றுவதற்கு உடன்பட்டது. எதிரணியில் இருந்தபோது பேசிய கொள்கையின் ஒரு பகுதி சட்டமாயிற்று. மறுபகுதி ஆட்சியின் வாசற்படியில் விடப்பட்டது.

கெல்லியிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது அவருடைய தனிமையன்று. அவர் கையாண்ட அளவுகோல். பகைவன் செய்யும் அநீதியைக் கண்டிப்பதற்குத் துணிவு மட்டும் போதும். நம்மவர் செய்யும் அநீதியைக் கண்டிப்பதற்குத் துணிவோடு நேர்மையும் வேண்டும். அந்த நேர்மையை ஒரு தனிமனிதரின் குணமாக விட்டுவிடாது, ஓர் இயக்கத்தின் ஒழுங்காக ஆக்குவதே முற்போக்காளர் முன்னுள்ள பணி.