பக்கத்துக் கடை, பக்கத்து சர்ச்

ஒரே தெருவில் ரெண்டு ஜவுளிக்கடை இருந்தால் விலை இறங்கும், வரவேற்பு கூடும். பி.காம். முதல் வருஷப் பாடம். இதை சர்ச்சுகளுக்குப் போட்டுப் பார்த்தால்? ரோஜர் ஃபிங்க், ரோட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர்கள் 1992-ல் எழுதிய ‘தி சர்ச்சிங் ஆஃப் அமெரிக்கா’ அதைத்தான் செய்கிறது.

1776-ல் அமெரிக்கர்களில் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் வெறும் 17 சதவிகிதம் என்று ஆரம்பத்திலேயே குண்டு போடுகிறார்கள். மாசசூசெட்ஸில் காங்கிரிகேஷனல் சபைக்கு ஊர் வரிப்பணம் வந்தது. போதகர், ஹார்வர்டு, யேல் படித்தவர். கூட்டம் வராவிட்டாலும் சம்பளம் வந்துவிடும். மெதடிஸ்ட் போதகர்களோ குதிரையேறிக் கிளம்பினார்கள். படிப்பு கம்மி, சம்பளம் சொற்பம், ஆனால் ஜனங்களின் பாஷை. விளைவு? சபையினரில் 2.5 சதவிகிதமாக இருந்த மெதடிஸ்ட்டுகள் 1850-ல் 34. இருபது சதவிகிதமாக இருந்த காங்கிரிகேஷனல்காரர்கள் 4!

அரசாங்கச் சம்பளம் போதகரைச் சோம்பேறியாக்கும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். இவர்கள் அதற்குக் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். அதுவரை சபாஷ்.

ஆனால், ரெண்டு இடத்தில் இடிக்கிறது. போட்டி மிகுந்த ஊரில் பக்தியும் மிகும் என்ற ஆய்வுகள் பலவும் சூத்திரத்தின் கோளாறு என்று 2002-ல் வேறு மூன்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தவிர, காலப் கணக்குப்படி 1999-ல் 70 சதவிகிதமாக இருந்த வழிபாட்டு இட உறுப்பினர்கள் 2020-ல் 47. அங்கே சர்ச்சுகளுக்கா பஞ்சம்?

இரண்டாவது, வாடிக்கையாளர் சமாச்சாரம். சிகாகோ பக்கம் 1975-ல் தொடங்கிய வில்லோ க்ரீக் சர்ச், வீடு வீடாகப் போய் ‘ஏன் சர்ச்சுக்கு வருவதில்லை?’ என்று கேட்டது. போரடிக்குது, எப்பப் பார்த்தாலும் காசு கேக்கறாங்க என்றார்கள். உடனே நாடகம், நவீன இசை, தியேட்டர் மாதிரி அரங்கம். கூட்டம் அள்ளியது. 2007-ல் அவர்களே ஆய்வு செய்து, நிகழ்ச்சிகளுக்கு நிறைய வந்ததால் மட்டும் யாருக்கும் பக்தி வளர்ந்துவிடவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

கேட்டதைக் கொடுப்பது கடைக்காரர் தர்மம். கேட்கப் பிடிக்காததையும் சொல்வதுதான் போதகர் வேலை. ‘பக்கத்து வீட்டுக்காரனை மன்னித்துவிடு’ என்று சொன்னால் பாதிப் பேர் அடுத்த தெரு சர்ச்சுக்குப் போய்விடுவார்கள் என்றால், அவர் சொல்வாரா? வரிப்பணம் போதகரைத் தூங்க வைத்தது என்பதைப் புத்தகம் அழகாகச் சொல்கிறது. போட்டி அவர் வாயை அடைக்கலாமே... அதையும் எழுதியிருக்கலாம்.