அனைவருக்கும் மீட்பு என்னும் கொள்கை: ஒரு திறனாய்வு

இறுதியில் எல்லா ஆன்மாக்களும் கடவுளோடு ஒப்புரவாகும், ஒருவர்கூட என்றென்றைக்குமாக நரகத்தில் விடப்படமாட்டார் என்னும் நம்பிக்கை கிறித்தவச் சிந்தனையில் மிகப் பழையது. இதை அனைத்து மீட்புக் கொள்கை எனலாம். கிரேக்க மொழியில் இதற்கு வழங்கும் பெயர் அப்போகதாஸ்தாசிஸ். சிதைந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் என்பது அதன் பொருள். அப்போஸ்தலர் நடபடிகள் 3:21இல் இச்சொல் வருகிறது. பெரும்பான்மையான திருச்சபைகள் இதைத் தம் போதனையாக ஏற்கவில்லை. ஆயினும் பதினெட்டு நூற்றாண்டுகளாக இது மறைந்துபோகவும் இல்லை.

இக்கொள்கை பற்றிய விவாதம் வழக்கமாக இரண்டு கேள்விகளைச் சுற்றி நடைபெறுகிறது. அன்பே உருவான கடவுள் முடிவில்லாத தண்டனை தருவாரா? கடவுளை இறுதிவரை மறுக்கும் சுதந்திரம் மனிதனுக்கு உண்டா? இந்த இரண்டு கேள்விகளிலும் கடவுளும் பாவியும் மட்டுமே இருக்கிறார்கள். பாவியின் செயலால் துன்புற்ற மூன்றாவது ஆள் கணக்கில் வருவதில்லை. அந்த மூன்றாவது ஆளை முன்னிறுத்தி இக்கொள்கையின் வலிமையையும் குறையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓரிஜன்: மருந்தாகத் தண்டனை

இக்கொள்கைக்கு விரிவான வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஓரிஜன் (ஏறத்தாழ கி.பி. 185–254). முடிவு எப்போதும் தொடக்கத்தை ஒத்திருக்கும் என்று 'முதற்கோட்பாடுகள்' என்னும் நூலில் அவர் வாதிட்டார். எல்லாம் கடவுளிடமிருந்து வந்தவை. எனவே கடவுள் எல்லாவற்றிலும் எல்லாமுமாக இருக்கும் நிலை (1 கொரிந்தியர் 15:28) வரும்வரை படைப்பு நிறைவடையாது. தண்டனை என்பது மருத்துவரின் கத்தியைப் போன்றது. அது வலிக்கும், ஆனால் அதன் நோக்கம் குணப்படுத்துவதே.

இந்நூலின் கிரேக்க மூலத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ரூஃபினுஸ் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே அதை இன்று முழுமையாக வாசிக்க முடிகிறது. ஐயத்துக்குரிய இடங்களைத் தாம் மாற்றியமைத்ததை ரூஃபினுஸ் மறைக்கவில்லை. சாத்தானும் மீட்கப்படுவான் என்று தாம் போதித்ததாகப் பரப்பப்பட்ட செய்தியை ஓரிஜன் ஒரு கடிதத்தில் மறுத்திருக்கிறார். ஆகவே அவர் எதுவரை சென்றார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஓரிஜனின் இன்னொரு குறிப்பு முக்கியமானது. தண்டனைக்கு அப்பால் இருப்பதைப் பற்றி எல்லோரிடமும் பேசுவது பயன் தராது என்று 'கெல்சுசுக்கு மறுப்பு' என்னும் நூலில் எழுதுகிறார். முடிவில்லாத தண்டனை என்ற அச்சம் இருக்கும்போதே பலர் தீமையை விடுவதில்லை என்பது அவர் கூறும் காரணம். தன் கொள்கை தவறு செய்பவனின் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்று இதனால் அறியலாம். இதைச் சொகுசில் இருந்தவரின் இளகிய மனம் என்று தள்ளிவிட முடியாது. அவருடைய தந்தை கிறித்தவர் என்பதற்காகக் கொல்லப்பட்டார். ஓரிஜனும் பேரரசன் தேசியுசின் காலத்தில் சிறையில் சித்திரவதைக்கு ஆளானார். இருந்தும் சித்திரவதை செய்தவனுக்கும் அதற்கு ஆளானவருக்கும் இடையே இறுதியில் என்ன நடக்கும் என்ற கேள்வி அவருடைய கொள்கையின் மையத்துக்கு வரவில்லை.

கிரகோரி: கடைசிக் காசு வரை

நீசா நகரின் ஆயர் கிரகோரி (ஏறத்தாழ 335–395) இக்கொள்கையை மேலும் தெளிவாக்கினார். 'ஆன்மாவும் உயிர்த்தெழுதலும்' என்ற அவரது நூல், மரணப் படுக்கையில் இருக்கும் தமக்கை மக்ரினாவுடன் நடக்கும் உரையாடலாக அமைந்தது. அழுக்குக் கலந்த பொன்னை நெருப்பில் இடுவது போலவும், சேறு படிந்த கயிற்றைக் குறுகிய துளை வழியாக இழுப்பது போலவும் ஆன்மா தூய்மை அடைகிறது என்கிறார் மக்ரினா. தீமை எவ்வளவு படிந்திருக்கிறதோ அவ்வளவு வலியும் இருக்கும். கடன்பட்டவன் கடைசிக் காசு வரை தீர்த்த பிறகே விடுதலை பெறுவான்.

இதனால் இக்கொள்கை மலிவான மன்னிப்பைப் போதிக்கிறது என்ற குற்றச்சாட்டு கிரகோரிக்குப் பொருந்தாது. ஆனால் கடன் என்ற உவமையே ஒரு கேள்வியை எழுப்புகிறது. கடன் யாருக்குக் கொடுக்கப்பட வேண்டும்? கிரகோரியின் விளக்கத்தில் கடன்பட்டவன் இருக்கிறான், கடனைத் தீர்க்க வைக்கும் நெருப்பு இருக்கிறது. கடன் கொடுத்தவர் இருக்குமிடம் வெறுமையாக இருக்கிறது.

ஓர் அடைமொழி பற்றிய சண்டை

எதிர்த்தரப்பின் வலிமையான குரல் அகுஸ்தீனுடையது (354–430). தம் காலத்தில் மிகப் பலர் முடிவற்ற தண்டனையை நம்ப மறுத்தனர் என்று அவரே பதிவு செய்கிறார். 'கடவுளின் நகர்' 21ஆம் புத்தகத்தில் அவர்களுக்கு விடை கூறும்போது மத்தேயு 25:46ஐ எடுத்துக்கொள்கிறார். அங்கே தண்டனைக்கும் வாழ்வுக்கும் ஒரே அடைமொழி வருகிறது. வாழ்வு முடிவற்றது என்றால் தண்டனையும் முடிவற்றதே என்பது அவர் வாதம். தமிழில் பழைய மொழிபெயர்ப்பை வாசிப்பவர்கள் இதை எளிதில் காணலாம். நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன் என்று 'நித்திய' என்ற சொல் அங்கே இருமுறை வருகிறது.

மறுதரப்பினர் கிரேக்கச் சொல்லைச் சுட்டுகின்றனர். 'அயோனியோஸ்' என்பது 'அயோன்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அயோன் என்றால் யுகம். ஆகவே அச்சொல் வரப்போகும் யுகத்துக்கு உரியது என்றும் பொருள்படும், முடிவற்றது என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை என்கின்றனர். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது முடிவற்ற தண்டனையைக் கட்டாயம் இல்லாததாக்குகிறதே தவிர, தண்டனை முடியும் என்று நிறுவவில்லை. ஓர் அடைமொழியை வைத்து இவ்வழக்கைத் தீர்க்க இரு தரப்பாராலும் இயலாது.

இதைவிட வியப்பானது வேறொன்று. மத்தேயு 25இல் வரும் தீர்ப்பு முழுவதும் பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், ஆடையில்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர் ஆகியோரைப் பற்றியது. அவர்களுக்குச் செய்ததும் செய்யாததுமே அங்கே அளவுகோல். மூன்றாவது ஆள் மையத்தில் நிற்கும் அந்தப் பகுதியின் கடைசி வசனத்திலுள்ள ஓர் அடைமொழிக்காக இரு தரப்பாரும் காலங்காலமாக வாதிட்டனர். பசித்தவர் வாதத்திலிருந்து நழுவிவிட்டார்.

பேரரசன் ஜஸ்டினியன் 543இல் ஓரிஜனின் போதனைகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தான். 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு ஓரிஜனுக்கு எதிரான 15 கண்டனங்கள் இணைத்துப் பேசப்படுகின்றன. அவை சங்கத்தின் முறையான தீர்மானங்களா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. முதல் கண்டனம் ஆன்மாக்கள் பிறப்புக்கு முன்பே இருந்தன என்ற கருத்தோடு சேர்த்தே மீட்டமைப்பைக் கண்டிக்கிறது. கிரகோரி ஒருபோதும் கண்டிக்கப்படவில்லை.

அமெரிக்காவில் எழுந்த பிளவு

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இக்கொள்கை தனிச் சபையாகவே வளர்ந்தது. அதன் பெரிய சிந்தனையாளர் ஹோசியா பாலூ (1771–1852). பாவத்தின் தண்டனை இவ்வுலக வாழ்விலேயே கிடைத்துவிடுகிறது, மரணத்துக்குப் பின் தண்டனையே இல்லை என்ற முடிவுக்கு அவர் பின்னாளில் வந்தார். சபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. மரணத்துக்குப் பின் திருத்தும் தண்டனை உண்டு என்று நம்பியவர்கள் 1831இல் மாசசூசெட்சில் தனிச் சங்கம் அமைத்தனர்.

வெளியே இருப்பவருக்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். கொள்கையின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது. ஒருவரைக் கொடுமைப்படுத்தியவன் உறக்கத்தில் இறந்து மறுகணமே பேரின்பத்தில் விழித்தெழுவான் என்றால், அவன் செய்தது ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிடும். துன்புற்றவரின் துன்பமும் அப்போது பொருட்டற்றதாகும். எல்லோரையும் அரவணைக்க விரும்பிய பாலூவின் போதனை, தன்னையறியாமல் ஒருவரைக் கைவிடுகிறது.

கடிகாரம் எங்கே?

இந்தக் குறையை நேராகச் சந்தித்தவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு (1824–1905). 1889இல் வெளியான ஒரு தொகுப்பில் 'நீதி' பற்றிய அவரது பிரசங்கம் இடம்பெற்றது. அதில் எளிய உதாரணம் ஒன்றைத் தருகிறார். ஒருவருடைய கடிகாரம் திருடப்படுகிறது. திருடன் பிடிபட்டுச் சிறைக்குச் செல்கிறான். சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் கடிகாரம் எங்கே? திருடன் படும் துன்பம் இழந்தவருக்கு எதையும் திருப்பித் தருவதில்லை. திருடன் மனம் மாறி, இழந்தவரிடம் தன் தவறை ஒப்புக்கொண்டு, ஈடு செய்ய முற்படும்போதுதான் நீதி தொடங்குகிறது.

இவ்வாதம் இரு பக்கமும் வெட்டுகிறது. முடிவற்ற நரகம் துன்புற்றவருக்கான நீதி என்ற பொதுவான எண்ணத்தை இது உடைக்கிறது. முடிவில்லாத வேதனையில் ஈடுசெய்தல் ஒருபோதும் நிகழ்வதில்லை, கடன் என்றும் தீராமலே நிற்கிறது. அதே வேளையில், கணக்குக் கேட்காத மீட்பையும் இது மறுக்கிறது. அனைத்து மீட்புக் கொள்கையின் மிக வலிமையான வடிவம் இதுவே. தீமை செய்தவன், தான் சிதைத்ததைச் சீர்செய்யும் வரை விடுவிக்கப்படக் கூடாது என்று இது கோருகிறது.

மன்னிக்க வேண்டியவர் யார்?

ஆனால் இங்கேயே புதிய சிக்கல் பிறக்கிறது. ஈடுசெய்தல் ஒருவர் மட்டும் செய்யக்கூடிய காரியம் அன்று. மறுபக்கம் ஏற்க வேண்டும். தாஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலில் இவான் கேட்பது இதைத்தான். ஒரு சிறுவனை அவன் தாயின் கண்முன்னே நாய்களை ஏவிக் கொன்ற தளபதியின் கதையை அவன் சொல்கிறான். தன் வேதனைக்காகத் தாய் மன்னிக்கலாம்; பிள்ளையின் வேதனைக்காக மன்னிக்க அவளுக்கே உரிமை இல்லை. அத்தகைய மன்னிப்பின்மேல் எழும் இறுதி ஒற்றுமைக்கான நுழைவுச்சீட்டை இவான் திருப்பித் தந்துவிடுகிறான். நரகத்தாலும் பயனில்லை என்பதை அவன் ஏற்கிறான். ஆனால் அதனால் ஒப்புரவு நியாயமாகிவிடும் என்று அவன் கொள்வதில்லை.

நம் காலத்தில் இக்கொள்கையை மிக உறுதியாக முன்வைத்தவர் அமெரிக்க இறையியலாளர் டேவிட் பென்ட்லி ஹார்ட். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் எழுதிய சிறு நூலில் இவானின் கேள்வியை அவர் மதிப்போடு எடுத்துக்கொண்டார். 2019இல் வெளியான 'அனைவரும் மீட்கப்படுவர்' என்ற பொருள்படும் நூலில், நன்மையை முழுமையாக அறிந்தவர் அதை மறுக்க இயலாது என்று வாதிடுகிறார். அறியாமையும் மனச்சிதைவும்தான் மறுக்க வைக்கின்றன. அவை நீங்கினால் எல்லோரும் கடவுளை நாடுவர். பாவியைப் பொறுத்தவரை இவ்வாதம் எளிதில் வீழ்த்தக்கூடியதன்று.

ஆனால் இதையே துன்புற்றவருக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? முழு அறிவு பெற்றதும் அவரும் மன்னித்தே தீருவார் என்றாகும். அவருடைய இன்றைய மறுப்பு வெறும் அறியாமையாகிவிடும். வாங்கிய அடியை மறக்க மறுப்பவரைப் பார்த்து, உனக்கு இன்னும் புரியவில்லை என்று சொல்வது அவரை இரண்டாம் முறை காயப்படுத்துவதாகும். மன்னிப்பு கொடுக்கப்படுவது. வந்தே தீரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், கொடுப்பவரிடமிருந்து அது பறிக்கப்படுகிறது.

மதிப்பீடு

முடிவற்ற நரகம் துன்புற்றவருக்கு எதையும் மீட்டுத் தரவில்லை. தீமையைத் தீராத உண்மையாக நிலைநிறுத்துகிறது. அதைவிட அனைத்து மீட்புக் கொள்கை, குறிப்பாகக் கிரகோரியும் மெக்டொனால்டும் தந்த வடிவில், அறத்தில் உயர்ந்தது. ஆனால் ஈடுசெய்தலையும் மன்னிப்பையும் உண்மையாகவே முக்கியமாகக் கொள்ளும்போது, இறுதி விளைவைத் தேற்றமாக நிறுவும் உரிமையை அது இழக்கிறது. சுவிட்சர்லாந்தின் கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் உர்ஸ் ஃபான் பல்தசார் 1980களில் எடுத்த நிலை இங்கே பொருத்தமாகிறது. எல்லோரும் மீட்கப்பட வேண்டும் என்று எதிர்நோக்கலாம், மன்றாடலாம். மீட்கப்படுவர் என்று அறிந்ததாகச் சொல்ல முடியாது என்றார் அவர்.

பல்தசார் இதைக் கடவுளின் தீர்ப்புக்கு முன் மனிதன் காட்ட வேண்டிய பணிவாகச் சொன்னார். துன்புற்றவருக்கு முன் காட்ட வேண்டிய பணிவும் அதுவே. எல்லோரும் மீட்கப்படுவர் என்ற சொல்லை அவர் தாமாகச் சொல்லும்போது அது மிக உயர்ந்த கிறித்தவச் சொல்லாகிறது. அவருக்காக மற்றவர்கள் அதைச் சொல்லிவிட முடியாது.