ஒரு தாய், இரண்டு முடிவுகள்: 'அக்னிப் பிரவேசம்' கதையும் கங்காவின் வாழ்க்கையும்

சிறுகதைத் திறனாய்வு என்றாலே கருப்பொருள், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி, படிப்பினை என்று வரிசையாக எழுத வைத்துவிடுகிறோம். தேர்வுக்கு அது வேண்டும்தான். ஆனால் சில கதைகள் அந்த வரிசைக்குள் அடங்காமல் திமிறும். ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' அதில் ஒன்று. ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைக் கொடுத்துப் பாருங்கள். 'படிப்பினை' என்ற இடத்தில் பத்தில் எட்டுப் பேர் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: முன்பின் தெரியாதவர் காரில் ஏறக்கூடாது. சரி, அது தப்பான அறிவுரை இல்லை. ஆனால் அதைச் சொல்லவா ஜெயகாந்தன் இந்தக் கதையை எழுதினார்?

கதை 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை கொட்டும் மாலை. கல்லூரி வாசலில் பேருந்துக்காக நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் போய்விட, ஒருத்தி மட்டும் மிஞ்சுகிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது, ஓர் இளைஞன் கதவைத் திறக்கிறான், அவள் ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிட்டு வீட்டுப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போகிறான். அழுதுகொண்டே வரும் மகளைப் பார்த்ததும் தாய்க்கு விஷயம் புரிகிறது. அலறுகிறாள், அடிக்கிறாள். பக்கத்துக் குடித்தனக்காரர்கள் என்ன ஏது என்று கேட்கும்போதுதான் அவளுக்குச் சுரணை வருகிறது. மழையில் நனைந்து வந்ததற்காகத் திட்டினேன் என்று எதையோ சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய், உன் மனசில் களங்கம் இல்லை என்று சொல்லி அவளைத் தேற்றுகிறாள்.

கதை வந்ததும் பெரிய சர்ச்சை. ஒரு தாய் இப்படியா செய்வாள் என்று வாசகர்கள் கொதித்தார்கள். ஜெயகாந்தன் அதற்குக் கட்டுரையில் மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. நாவலாகவே எழுதினார். சரி, தாய் அப்படிச் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்புறம் அந்தப் பெண் என்ன ஆவாள்? 1970-இல் நூலாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' இந்தக் கேள்வியிலிருந்துதான் புறப்படுகிறது. 1972-இல் அதற்குச் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. 1977-இல் பீம்சிங் இயக்கிய படத்தில் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய!

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். மழை அதேதான், கார் அதேதான், பெண் ஏறியதும் நடந்ததும் அதேதான். ஆசிரியர் கைவைத்தது ஒரே ஓர் இடத்தில். நாவலில் தாயின் அலறல் அடங்கவில்லை, அண்ணன் காதுக்குப் போகிறது, ஊருக்கே தெரிகிறது. அண்ணன் அடித்து வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா ஒருவர் ஆதரவு கொடுத்துப் படிக்க வைக்கிறார், அந்த ஆதரவுக்கு அவர் எதிர்பார்க்கும் கூலி வேறு மாதிரி. பல ஆண்டுகள் கழித்து கங்கா நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள், சம்பாதிக்கிறாள், ஆனால் பேருந்தில் இடிப்பவன் முதல் மாமா வரை எல்லார் கண்ணுக்கும் அவள் 'கெட்டுப்போனவள்'. ஆக, காரில் ஏறியதன் விளைவு என்று நாம் நினைப்பதில் பாதிக்குமேல், வீட்டு முற்றத்தில் ஒரு தாய் வாய் திறந்ததன் விளைவு. தேர்வு ஒருத்தியுடையது, அதைச் சுமப்பவள் இன்னொருத்தி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறுகதைத் தாய் ஒன்றும் பிறவியிலேயே பெரிய மனசுக்காரி இல்லை. அவளும் அலறத்தான் செய்தாள். இரண்டு தாய்களும் முதல் நிமிடத்தில் ஒரே ஆள்தான், பிரிவது இரண்டாவது நிமிடத்தில். இதைப் பாத்திரப்படைப்பு என்ற தலைப்பில் 'அன்பானவள், பொறுமைசாலி' என்று எழுதினால் கதையே போய்விடும். அவள் பொறுமைசாலி இல்லை. சுதாரித்துக்கொண்டவள், அவ்வளவுதான்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய 'அக்னிப் பிரவேசம்' கதையைக் கங்கா பத்திரிகையில் படிக்கும் இடம். தனக்குக் கிடைக்காத தாயை அச்சில் பார்க்கிறாள். அம்மாவிடமும் படிக்கக் கொடுக்கிறாள். பெற்றவளுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. அதே சமயம் கனகத்தை அரக்கியாக்கிவிடாமல் எழுதியிருப்பதுதான் ஜெயகாந்தனின் பலம். தான் சொன்ன ஒரு சொல்லோடு அவளும்தான் காலம் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறாள்.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்னிப் பிரவேசம் என்றால் சீதை. புதுமைப்பித்தன் 1943-இல் 'சாப விமோசனம்' எழுதினார். அதில், சீதை தீக்குளிக்க வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டு அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ஜெயகாந்தன் அதே நெருப்பை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைத் தண்ணீராக மாற்றுகிறார். பாடத்தில் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பேசினால் மாணவர்களுக்கு நிறையக் கிடைக்கும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. முதலாவது, சிறுகதையில் அந்தப் பெண் அநேகமாகப் பேசுவதே இல்லை. தாய் தண்ணீர் ஊற்றுகிறாள், தாய் தீர்ப்புச் சொல்கிறாள், மகள் ஏற்றுக்கொள்கிறாள். உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 'சுத்தம்' என்று சொல்வதற்கே முதலில் அசுத்தம் என்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதுவும் எனக்கு உறுத்துகிறது. இரண்டாவது, பிரபு. நாவலில் கங்கா அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பெண்டாட்டியும் பிள்ளையும் உள்ள, கொஞ்சம் அசடான, இரக்கப்படத் தோன்றும் மனிதனாக அவன் வருகிறான். அவன் செய்ததற்கு அவன் கொடுத்த விலை என்ன? கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் குற்ற உணர்ச்சி. கங்கா கொடுத்தது முழு இளமை. ஆசிரியர் அவன் மீது காட்டும் பரிவை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. கடைசியில் கங்கா குடிக்கு ஆளாவதும் கொஞ்சம் அவசரமாகத்தான் படுகிறது. அவளே தேர்ந்தெடுக்கத் தொடங்கிய நேரத்தில் கதை அவளைக் கைவிட்டுவிட்டதோ என்று தோன்றும்.

இதை ஏன் நம் இதழில் எழுதுகிறேன் என்றால், இந்த 'இரண்டாவது நிமிடம்' நமக்கும் வரும். ஒரு மாணவி அம்மாவிடம் சொல்ல முடியாததைத் தமிழ் டீச்சரிடம் சொல்ல வருவாள். ஷா ஆலமோ கிள்ளானோ, எந்தப் பள்ளியாக இருந்தாலும் இது நடக்கக்கூடியது. அப்போது நம் முகத்தில் என்ன தெரிகிறது, முதல் கேள்வி என்ன என்பது முக்கியம். "நீ ஏன் அங்கே போனே?" என்று கேட்டால் நாம் கனகம். ஆனால் சிறுகதைத் தாய் மாதிரி யாரிடமும் சொல்லாதே என்று மூடி வைக்கவும் இன்று நமக்கு வழியில்லை. 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், 19-ஆம் பிரிவு: 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். ஊருக்குக் கேட்கும்படி அலறுவது வேறு, கேட்க வேண்டியவர்களிடம் சொல்வது வேறு. 1966-இல் அந்தத் தாய்க்கு முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்தான். நமக்கு மூன்றாவது ஒன்று இருக்கிறது, வழிகாட்டி ஆலோசனை ஆசிரியரின் அறையும் பக்கத்திலேயே இருக்கிறது.

வகுப்பில் பயன்படுத்த விரும்புவோருக்கு: சிறுகதையைத் தாய் அடிக்கும் இடத்தோடு நிறுத்திவிட்டு, அடுத்த அரைப் பக்கத்தை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஜெயகாந்தனின் முடிவைப் படிக்கலாம். கங்கா பத்திரிகை படிக்கும் பகுதியை மட்டும் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும், இரண்டு பாடவேளையில் முடிந்துவிடும். நான் இதைச் செய்தபோது பலர் தாயைப் பற்றி எழுதினார்கள். பின்வரிசையில் உட்காரும் ஒரு பையன் மட்டும் தாயை விட்டுவிட்டு, அந்தக் காரை ஓட்டியவன் அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவதை எழுதியிருந்தான். அவனுடைய அம்மாவும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறாள். மழை என்கிறான்.